இடையிசை

பிரசங்கம் தொடங்கிவிட்டது. சபை குருவான ஐயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, அறுப்பின் பண்டிகை எதற்காகக் கொண்டாடுகிறோம் என்று சபையைக் கேட்டு, யாரும் பதில் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தும் சற்றுக் காத்திருந்து, பிறகு தானே சொல்ல ஆரம்பித்தார். வேதமாணிக்கம் ஆர்கன் பெஞ்சில் சபைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் முடிந்து பாடகர் குழு எழுந்து கீதம் பாடும்வரை இனி அவர் கைகளுக்கு வேலை கிடையாது. தொடைமேல் வைத்தால் அவை தாமாகத் தாளம் போட்டன. மார்பில் கட்டிக்கொண்டால் கோபமாக இருப்பவனைப்போலத் தெரியும், சபைக் கமிட்டியில் இருக்கும் சாம்ராஜ் அண்ணாச்சி பார்த்துவிட்டு நாலு பேரிடம் சொல்லுவார். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பீடத்தைச் சுற்றி வாழைத்தாரும் பூசணியும் நெல் மூட்டையும் குவிந்து கிடந்தன. யாரோ கொண்டுவந்திருந்த கருப்பட்டிச் சிப்பத்தின் வாசனை ஆர்கன் வரைக்கும் வந்தது. காணிக்கையாக வந்த சேவல் ஒன்று கால் கட்டப்பட்டு, ஐயர் குரலை உயர்த்தும்போதெல்லாம் பதிலுக்குக் கூவியது. சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். வேதமாணிக்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தலைக்கு மேலே, ஆர்கனில் திருகி வைத்திருந்த சின்னக் கண்ணாடியில் ரூபன் தெரிந்தான். ஆர்கன் வாசிக்கிறவன் திரும்பாமலேயே குழுவை நடத்துகிறவனைப் பார்ப்பதற்காக வைத்த கண்ணாடி அது. ரூபன் வெள்ளை அங்கியில், கழுத்துப்பட்டை கொஞ்சம் கோணலாக, கையில் ஃபைலை வைத்துக்கொண்டு பிரசங்கத்தைக் கேட்பதுபோல முகத்தை வைத்திருந்தான். கேட்கவில்லை. உதடு அசைகிறது, கீதத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறான். அந்தப் பழக்கம் நான் சொல்லிக்கொடுத்தது. அந்தக் கழுத்துப்பட்டைகூட என்னுடையது. எல்லாம் என்னுடையது. நின்றுகொண்டிருக்கிற இடமும், மூன்று மாதத்துக்கு முன்பு கமிட்டி அவனுக்கு மாற்றிக்கொடுக்கும்வரை.

நான்தான் அவன்கிட்டச் சொல்லச் சொன்னேன். காலையில் மனைவி கிரேஸ் சொன்ன அந்த ஒரு வரி மறுபடி வந்து நின்றது. காப்பித் தம்ளரை மேசையில் வைத்துவிட்டு, ஏதோ பால்காரன் வரவில்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். அவர்தான் ஆரம்பித்துவைத்தார். மூன்று மாதமாக எல்லா ஞாயிற்றுக்கிழமையும் சட்டைக்கு இஸ்திரி போடும்போது ஆரம்பிப்பதுதான். "உன் தம்பிக்கு நான் என்ன குறை வச்சேன்? உங்கப்பா செத்தபிறகு இந்த வீட்டுல வச்சுப் படிக்கவைக்கலையா? சுரம் எழுதினா வாசிக்கத் தெரியுமா அவனுக்கு? யார் சொல்லிக்கொடுத்தா? கமிட்டிக்காரங்க முன்னால எந்திரிச்சு நின்னு, அத்தானுக்குப் பயந்துதான் எல்லாரும் பாடுதாங்க, பாட்டுக்காக யாரும் பாடலன்னு சொன்னானே, எப்படி வாய் வந்துச்சு?" என்று கேட்டார். எப்போதும் அவள் பதில் சொல்ல மாட்டாள். அடுப்படியில் ஏதாவது பாத்திரம் கொஞ்சம் சத்தமாக உருளும், அவ்வளவுதான். இன்றைக்குச் சொன்னாள். "அவன ஏன் கரிச்சுக் கொட்டுதிய? நான்தான் அவன்கிட்டச் சொல்லச் சொன்னேன்." இஸ்திரிப்பெட்டியைச் சட்டைமேலேயே வைத்துவிட்டார் போல, கருகின வாசனை வந்ததும் அவள்தான் ஓடிவந்து எடுத்தாள். எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், "வீட்டுல நான் முப்பது வருசமா மெதுவாப் பேசிப் பழகிட்டேன். குழுவுல அந்தப் பிள்ளையளும் ஏன் பழகணும்?" என்றாள். பிறகு வேறு சட்டை எடுத்துத் தந்தாள். இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் கோயிலுக்கு வந்தார்கள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி போகும்வரை அவள் அவருடைய முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள், மூச்சு விடுவது கேட்டது. அந்த வண்டி நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது.

மெதுவாப் பேசிப் பழகிட்டேன். அப்படியா? அவளுடைய குரலே அப்படித்தான் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்கப் போனபோது அவள் ஒரு கீர்த்தனை பாடினாளே, அப்போது எப்படி இருந்தது குரல்? நினைவுக்கு வரவில்லை. சுருதி சரியாக இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. சுருதி சரியாக இருந்தது, அதனால் சம்மதம் என்று அம்மாவிடம் சொன்னார், அதை வீட்டில் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். அக்காவும் தம்பியும் எங்கே வைத்துப் பேசியிருப்பார்கள்? அடுப்படியிலா? அவர் வாக்கிங் போன நேரத்திலா? ரூபன் முதலில் முடியாது என்றுதான் சொல்லியிருப்பான். இல்லை, காத்துக்கொண்டேதான் இருந்திருப்பான். அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, நீயே சொல்லிரு, நான் சொன்னா வீட்டுல இருக்க முடியாது என்றிருப்பாள். அதற்குப் பிறகு எத்தனையோ சாயங்காலம் அவர் ரூபனைத் திட்டித் தீர்த்தபோதெல்லாம் அவள் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு இலைகூடத் தவறி விழவில்லை. அதுதான் பொறுக்கமுடியவில்லை. தம்பி செய்ததாவது வெளியே நடந்தது, நாலு பேருக்குத் தெரிந்தது. இவள் பக்கத்திலேயே படுத்திருந்தாள். தாடையைத் தளர்த்தச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கோபம் வரும்போது முதலில் பல்லைக் கடிக்கிறீர்கள், அதைக் கவனியுங்கள், அதை மட்டும் விட்டால் போதும் என்றார். வேதமாணிக்கம் வாயை லேசாகத் திறந்தார். ஐயர் பருவமழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சேவல் கூவியது.

தன்னை அடக்கத் தெரிந்தவன் என்றுதான் அவர் தன்னைப்பற்றி நினைத்து வந்தார். குடித்தது கிடையாது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலம் முழுக்க ஒருவேளைச் சாப்பாடு. தபால் ஆபீஸில் இருந்த காலத்தில் ஒருநாள் தாமதமாகப் போனதில்லை. பயிற்சிக்குப் பிள்ளைகள் வருமுன்னே வந்து நாற்காலிகளைத் தானே வரிசையாகப் போட்டு வைப்பார். தாமதமாக வருகிறவர்களை ஒன்றும் சொல்லமாட்டார், பார்ப்பார். அந்தப் பார்வையே போதும். போதும் என்பதில் ஒரு பெருமை. அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருமுறை தொண்டையைச் செருமினால் வீடு முழுக்க அடங்கும், அம்மா பேச்சைப் பாதியில் விட்டுவிடுவாள். அதைத்தான் சின்ன வயதில் மரியாதை என்று நினைத்தார். ரூபன் இதே பெஞ்சில் உட்கார்ந்து ஆர்கன் வாசிக்க, அவர் அங்கே நின்று குழுவை நடத்திய வருடங்களில், ஒரு இடம் இழுத்தால் போதும், திரும்பிப் பார்ப்பார். ரூபா, என்னலே தூங்குதியா என்பார் பயிற்சியில். கோயிலில் சொல்லமுடியாதே, அதனால் முகத்தால் சொல்லுவார். இந்தக் கண்ணாடியில் அவன் அதைத்தானே பார்த்திருப்பான்? வேதமாணிக்கம் மெல்லத் தலையைத் தூக்கினார். கண்ணாடி சின்னதுதான். அதில் ஒரு ஆளின் தலையும் தோளும் மட்டும்தான் தெரியும், பின்னால் இருக்கிற சபை தெரியாது, ஜன்னல் தெரியாது, வெளிச்சம் தெரியாது. இந்த இடத்தில் உட்கார்ந்தால் உலகத்தில் அந்த ஒரு முகம் மட்டும்தான் இருக்கும். பத்தொன்பது இருபது வயசுப் பையனாக இந்தப் பெஞ்சுக்கு வந்தவன். இப்போது அவனுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. அத்தனை ஞாயிறும் அவன் பார்த்தது என் கடித்த பல்லை. அவருக்கு ஒரு கணம் அங்கே ரூபனுக்குப் பதிலாகத் தன் முகமே தெரிந்த மாதிரி இருந்தது, சட்டென்று பார்வையைக் கீழே இறக்கிக் கட்டைகளைப் பார்த்தார். அதனால் என்ன? அதற்காக முதுகில் குத்தலாமா? நேரே வந்து சொல்லியிருக்கலாமே, அத்தான், உங்க மூஞ்சியப் பார்க்கப் பயமா இருக்கு என்று. சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா? கேட்டிருப்பேன். இல்லை. கேட்டிருக்கமாட்டேன்.

ஆனால் இன்றைக்கு அவர் ஒரு முடிவோடு வந்திருந்தார். ரயில்வே கேட்டில் நிற்கும்போது எடுத்த முடிவு. இந்தக் கீதத்தின் நடுவில் குழு வாயை மூடிக்கொண்டு நிற்க, ஆர்கன் மட்டும் தனியாக வாசிக்கிற ஒரு இடையிசை வருகிறது. அது முடியும்போது குழுவில் பாடும் ஷெபா என்ற பெண் தனிக்குரலில் எடுக்கவேண்டும், பிறகு எல்லாரும் சேரவேண்டும். அந்த இடத்தில் வேகம் ஆர்கன்காரன் கையில். கொஞ்சம் விரட்டிப்போனால் போதும். அடுத்த வரிகளில் ரூபனுடைய கை பின்தங்கும், ஆண்கள் மூச்சுக்குத் திணறுவார்கள், குழு குலையும். யாரும் ஆர்கனைக் குறை சொல்லமுடியாது, பண்டிகை உற்சாகம் என்றுகூடச் சொல்லலாம். ரூபனுக்கு மட்டும் தெரியும். கிரேஸுக்கும் தெரியும், அவளுக்குக் காது உண்டு. தெரியட்டும். பயம் இல்லாமல் பாடினால் எப்படி இருக்கும் என்று அக்காளும் தம்பியும் சேர்ந்து கேட்கட்டும். நினைக்க நினைக்க விரல் நுனியில் ஒரு சூடு பரவியது. அந்தச் சூடு இனிப்பாக இருந்தது, அதுதான் அவரைப் பயமுறுத்தியது. இப்படித்தான் இருந்ததா எப்போதும்? அந்தக் கிறிஸ்துமஸ் பயிற்சியில் ஷெபா சுரத்தைத் தவறவிட்டபோது, எல்லாரும் இருக்க, "உனக்குக் காது எதுக்குப் பிள்ள, கம்மல் போடவா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும்கூடச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள், நிறுத்தத் தெரியாமல், கண் மட்டும் எங்கேயோ போய்விட்டது. அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டபோதும் விரல் நுனியில் இதே சூடு. பிறகு அவள் பல வாரம் வரவில்லை. ரூபன்தான் வீடு தேடிப்போய் அழைத்துவந்தான். அதை ஏன் செய்தான் என்று அப்போது அவனையும் திட்டினார். பெரிய சமாதானத் தூதன் என்று.

ஆமென் என்றது சபை. ஐயர் இறங்கினார். குழு எழுந்து நிற்கிற அங்கிகளின் சரசரப்பு முதுகுக்குப் பின்னால் கேட்டது. ரூபன் கண்ணாடியில் நேராக அவரைப் பார்த்தான். சாதாரணப் பார்வை, தயாரா என்று கேட்கிற பார்வை, ஓரத்தில் கொஞ்சம் பயம். இப்போதும் பயப்படுகிறானா? பயப்படட்டும். கை உயர்ந்தது. வேதமாணிக்கம் ஆரம்பித்தார். முதல் வரிகள் நன்றாகவே போயின. பெண்கள் குரல் முன்பைவிடத் திறந்து வருகிறது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், ஆனால் ஆண்கள் சொற்களை மெழுகுகிறார்கள், அவராக இருந்தால் விடமாட்டார். விடமாட்டார். விட்டால் என்ன? பாடுகிறார்கள். இதோ வருகிறது. குழு நின்றது. ஆர்கன் தனியானது. கட்டைகள் விரலுக்குக் கீழே சில்லென்று இருந்தன. இப்போது விரட்டலாம். காலும் கையும் தயாராக இருந்தன, தாடை இறுகியிருந்தது, அதைக் கவனித்தார், அதை மட்டும் விட்டால் போதும், விட்டார், விட்டதும் என்னவோ இசை தன் பாட்டுக்குப் பழைய வேகத்திலேயே நடந்தது. அடுத்த வரியில் விரட்டலாம் என்று நினைத்தார். ரூபன் குனிந்து ஃபைலில் பக்கம் புரட்டுவது கண்ணாடியில் தெரிந்தது. அப்போது, இடையிசை பாதிகூடத் தாண்டாதபோது, ஷெபா பாட ஆரம்பித்துவிட்டாள்.

முந்திவிட்டாள். தெளிவான குரலில், துணிச்சலாக, முற்றிலும் தவறான இடத்தில். முதல் சொல்லின் பாதியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, குரலின் ஓரம் நடுங்கியது அவருக்குக் கேட்டது. ஆனால் நிறுத்தமுடியாது, வாயைத் திறந்தாயிற்று, சபை முழுக்க அவளைப் பார்க்கிறது. வேதமாணிக்கம் ஒன்றுமே செய்யவேண்டாம். விரட்டவேண்டாம், பாவம் எதுவும் செய்யவேண்டாம். எழுதியிருக்கிறபடி, சரியாக, வாசித்துக்கொண்டே போனால் போதும். அவளுடைய குரலும் ஆர்கனும் ஒன்றோடொன்று மோதும், குழு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் சிதறும், ரூபன் நிமிர்ந்து பார்க்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். அவர் சரியாக வாசித்தவர். கமிட்டி சொல்லும், வேதமாணிக்கம் அண்ணாச்சி இருந்தால் இப்படி ஆகுமா என்று. அந்த வாக்கியம் முழுசாகக் காதில் கேட்டது, சாம்ராஜ் அண்ணாச்சியின் குரலில். உனக்குக் காது எதுக்குப் பிள்ள. அவள் இப்போது அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள். இந்த முதுகைப் பார்த்துக்கொண்டு, இந்த முதுகு எப்போது திரும்பும் என்று பார்த்துக்கொண்டு பாடுகிறாள். பயந்தவர்களின் குரலில் ஒரு காற்று கலந்திருக்கும், அது அவருக்கு நன்றாகத் தெரியும், அத்தனை வருடம் அந்தக் காற்றைக் கேட்டு அதுதான் பெண்பிள்ளைகளின் குரல் என்று நினைத்திருக்கிறார், கிரேஸின் குரலும் அப்படித்தான் என்று. விரல்கள் அடுத்த சுரத்துக்குப் போகவில்லை. மீதி இடையிசையை அப்படியே விட்டுவிட்டு, அவள் நின்ற இடத்துக்குத் தாவின. அவளுடைய இரண்டாவது சொல்லுக்குக் கீழே போய் மெல்ல நின்றன. அவள் கால் ஊன்றிக்கொண்டது தெரிந்தது, குரல் நிமிர்ந்தது. ஆண்கள் சேரவேண்டிய சுரத்தைக் காலடிக் கட்டையில் கொஞ்சம் கூடுதலாக அழுத்திக் காட்டினார், இங்கே வாங்க, இங்கே என்று. வந்தார்கள். ரூபன் நிமிர்ந்தபோது எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தார்கள், அவனைத் தவிர. ஒரு நொடி திகைத்துவிட்டு அவனும் வந்து சேர்ந்துகொண்டான். கீதம் முடிந்தது. சபையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. சேவல்கூடச் சும்மா இருந்தது. வேதமாணிக்கத்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் செய்தேனா, கை செய்ததா? நல்லவனாகிவிட்டேனா? இல்லை, இப்போதும் அவர்களை நடத்திக்கொண்டு போனது நான்தான் என்ற சந்தோஷமா இது? யோசித்து யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. ரூபனுக்குப் புரிந்திருக்கும். அவன் வந்து ஏதாவது சொல்லுவான். ஒன்றும் சொல்லாவிட்டாலும் கையைப் பிடிப்பான். அதை அவர் எதிர்பார்த்தார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

ஆராதனை முடிந்து, பந்தலில் ஏலம் ஆரம்பித்து, பூசணிக்காயை யாரோ உரக்க விலை கேட்டுக்கொண்டிருந்தபோது ரூபன் ஆர்கன் பக்கம் வந்தான். பின்னால் குழுவில் சிலர். ஷெபா ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். சாம்ராஜ் அண்ணாச்சியும் கைகுலுக்க வந்திருந்தார்.

"அத்தான்," என்றான் ரூபன், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "இடையில பாதிய விட்டுட்டியளே?"

வேதமாணிக்கம் அவனைப் பார்த்தார். பக்கம் புரட்டக் குனிந்திருந்தவனுக்கு யார் முந்தியது என்று தெரியவில்லையா, விளையாடுகிறானோ என்று பார்த்தார். இல்லை.

"என்னப்பா, என்ன ஆச்சு?" என்றார் சாம்ராஜ் அண்ணாச்சி.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. அத்தான் கொஞ்சம் தாவிட்டாவ. நல்லவேளை ஷெபா முழிச்சிக்கிட்டு இருந்தா, டக்குனு பிடிச்சிட்டா. இல்லைன்னா மானம் போயிருக்கும்."

"அப்படியா! எனக்கு ஒண்ணும் தெரியலையே. சபாஷ் பிள்ள," என்று அண்ணாச்சி ஷெபாவின் பக்கம் திரும்பினார்.

ஷெபா தரையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். வேதமாணிக்கம் காத்திருந்தார். சொல்லுவாள், இதோ சொல்லப்போகிறாள், ஒரு வரிதான், நான்தான் முந்திட்டேன் என்று. அவள் வாயை மூடிக்கொண்டாள். காதுக் கம்மலை ஒரு விரல் தொட்டது, தொட்டுவிட்டு இறங்கியது. ஓ, இவளுமா என்று இருந்தது அவருக்கு. இவளுக்காகத்தானே. தொண்டைவரை வந்துவிட்டது உண்மை, இந்தப் பிள்ளைகிட்டக் கேளு யார் தாவினான்னு, காது இருந்தாக் கேளுலே. சொன்னால் ஒரு நொடியில் எல்லாம் திரும்பிவிடும். அண்ணாச்சி திரும்புவார், ரூபன் முகம் சுண்டிப்போகும், இந்தப் பெண் இனி ஆயுசுக்கும் பாடமாட்டாள். பல் இறுகியது. அவர் அதை விடுவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எல்லாரும் அந்த நேரத்தை வயதானவரின் சங்கடம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"ஆமா, தாவிட்டேன்," என்றார். "பக்கம் ஒட்டிக்கிட்டு."

"பரவால்ல அத்தான். வயசாகுதுல்லா. யாருக்கும் தெரியல." ரூபன் அவர் தோளில் தட்டினான். தட்டியது அன்பாகத்தான். அது பிரம்படியைவிட வலித்தது. ஷெபா ஒரு தடவை நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டாள். நன்றி மாதிரி எதுவும் அதில் இல்லை, மிரட்சிதான் இருந்தது. இந்த மனுஷன் இதை எப்போது திருப்பிக் கேட்பாரோ என்கிற மிரட்சி. கேட்கமாட்டேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவருக்கே தெரியாது. நாளைக்குக் காலையில் இதே கோபத்தோடு எழுந்தால் கேட்டுவிடுவாரோ என்னவோ. ஆர்கனை மூடினார். மோட்டாரை நிறுத்தியதும் குழாய்களுக்குள் இருந்த காற்று இறங்குகிற சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் பக்கவாசல் வழியாக வெளியே வந்தார்.

வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர் பக்கத்தில் கிரேஸ் நின்றிருந்தாள். ஏலத்தில் எடுத்த வாழைப்பூ ஒன்று கையில் இருந்தது. வெயில் ஏறிவிட்டது. அவர் சாவியைத் தேடினார், சட்டைப்பையில் இல்லை, வேட்டி மடிப்பில் இருந்தது. அவள் சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, பந்தல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பிள்ளைதான முந்திட்டா?"

அவர் வண்டியைத் திருப்பினார். கேட்டாளே. இத்தனை கூட்டத்தில் ஒருத்தி கேட்டிருக்கிறாள், அதுவும் இவள். அவருக்கு அழவேண்டும்போல இருந்தது, அவளை உலுக்கவேண்டும்போலவும் இருந்தது. கீரை ஆய்ந்த கை, காப்பித் தம்ளரை வைத்த கை, இப்போது வாழைப்பூவைப் பிடித்திருந்தது.

"இதையாவது உன் தம்பிகிட்டச் சொல்லாம இரு," என்றார்.

குரல் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது. அவள் தோள் லேசாக ஒடுங்கியது. அப்படி ஒடுங்கும் என்பதை இத்தனை வருடத்தில் அவர் பார்த்ததே இல்லை. சாவியைத் திருகாமல் நின்றார். மறுபடியும், அவளுக்கு மட்டும் கேட்கும்படியாகச் சொன்னார்.

"சொல்லாத, கிரேஸ்."

"சரி," என்றாள் அவள். பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.